ஐந்து நாள் திருப்பந்தல்

பந்தல் என்றால் நமக்குத் தெரிந்தது நாலு மூங்கில், தென்னங்கீற்று, வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வந்தவர் கையில் ஒரு குவளை நீர்மோரைக் கொடுப்பார்கள். எந்த ஊர், யார் வீடு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். பந்தற்கலை பக்குவமடையாத காலத்துப் பழக்கம் அது, பொறுத்துக்கொள்ளலாம். பந்தல் என்னும் சொல் தன் முழு மாட்சியையும் எய்தி, திருப்பந்தலாய், பொற்பந்தலாய், பாருலகில் நிகரில்லாப் பெரும்பந்தலாய் நிற்பதைக் கண்ணாரக் காண விரும்புவோர் அக்டோபர் மாதத்தில் லண்டன் மாநகரத்து ரீஜண்ட்ஸ் பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கேதான் ஃப்ரீஸ் என்னும் திருநாமம் பூண்ட சமகாலக் கலைச் சந்தை ஆண்டுதோறும் எழுந்தருளுகிறது.

2003ஆம் ஆண்டின் முதல் சந்தைக்குப் பந்தல் வடிவமைத்தவர் டேவிட் அட்ஜாயே என்ற கீர்த்தி மிக்க கட்டடக் கலைஞர். அன்று தொடங்கிய வெண்மை இன்றும் மங்கவில்லை. வெள்ளைக் கூரை, வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம். உள்ளே நுழைந்தவருக்குக் காலையா மாலையா என்பது மறந்துபோகும். வெளியே மரம் நிற்கிறது, மழை தூறுகிறது, அங்கே ஒரு ஊர் இருக்கிறது என்பது போன்ற சில்லறை நினைவுகளெல்லாம் வாசலிலேயே செருப்போடு செருப்பாய்க் கழன்றுவிடும். உலகின் திசையெல்லாம் இருந்து ஏறத்தாழ 160 கலைக்கூடங்கள் இங்கே கடை விரிக்கின்றன. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை. ஐந்து நாள் விழாவுக்காக வாரக்கணக்கில் வேலை நடக்கிறது. புல்லின் மேல் தரை பாவி, தரையின் மேல் சுவர் எழுப்பி, சுவரில் உலகத்தின் மனசாட்சியை ஆணியடித்து மாட்டி, ஐந்தாம் நாள் மாலை அத்தனையையும் பிரித்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். கலை நிலைத்து நின்றுவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு இதைவிட ஆறுதல் தரும் ஏற்பாடு வேறில்லை.

இடம் பார்த்தார்களே, அந்தத் தீர்க்கதரிசனத்தை முதலில் வணங்க வேண்டும். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னர் மான் வேட்டைக்கென்று எடுத்துக்கொண்ட நிலம் இது. 1811இல் ஜான் நாஷ், பின்னாளில் நான்காம் ஜார்ஜாக முடிசூடவிருந்த இளவரசருக்காக இதைப் பூங்காவாகத் திட்டமிட்டார். மேன்மக்கள் வந்து தங்க 56 மாளிகைகள் அந்தத் திட்டத்தில் இருந்தன. ஐயோ, எட்டே எட்டுதான் எழுந்தன. மீதி நிலமெல்லாம் யாருக்கும் உதவாமல் வெறும் புல்லாய்க் கிடந்தது. அதுவும் போதாதென்று 1835இல் பூங்காவின் சில பகுதிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு நிதானம் இருந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டே நாள்தான். அந்த இரண்டு நாள் எப்படியோ ஏழு நாளாகிப்போனது. தள்ளுவண்டியில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வருகிற தாயும், காகிதப் பொட்டலத்தில் ரொட்டியோடு பெஞ்சில் சாய்கிற கிழவரும், பந்து உதைக்கிற பையன்களும், ஒரு பைசா கொடுக்காமல் அரச நிலத்துக் காற்றை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 170 ஆண்டு நீடித்த இந்தப் பிசகை ஃப்ரீஸ் திருத்தியது. நாஷ் கட்ட முடியாமல் போன 48 மாளிகைகளைப் போல மும்மடங்கு மாளிகைகளைப் பலகையாலும் துணியாலும் எழுப்பி, மேன்மக்களை மீண்டும் உள்ளே குடியமர்த்தி, ஏனையோரை வேலிக்கு அப்பால் நிறுத்திய அருஞ்செயலை வரலாறு மறக்காது.

இந்தப் பெருவெள்ளத்தின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனால் அது ஒரு பத்திரிகை அலுவலகத்தில் போய் நிற்கும். 1991இல் மாத்யூ ஸ்லோடோவரும் அமாண்டா ஷார்ப்பும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஃப்ரீஸ் என்ற கலை இதழைத் தொடங்கினார்கள். விமர்சனம் எத்தனை நன்றிகெட்ட தொழில் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு படைப்பு நன்றாக இருக்கிறதா, இருந்தால் ஏன், இல்லையென்றால் எங்கே சறுக்கியது என்று இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். விடிந்தால் இரண்டு பேர் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டு இந்த நெருப்பில் நின்றபின் அவ்விருவருக்கும் ஞானம் கனிந்தது. நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி முடிவே இல்லாதது. என்ன விலை என்ற கேள்விக்கு உடனே பதில் உண்டு. எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கடையே வைத்துவிட்டார்கள். இதழையும் கைவிடவில்லை, இன்றும் வருகிறது. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒரு பக்கம் மதிப்புரை, மறுபக்கம் மதிப்பு. கடைக்காரரும் நீதிபதியும் ஒரே குடும்பமாக வாழும் இத்தகைய இணக்கம் வேறு எந்தத் துறைக்கு வாய்த்தது? மிளகாய் மண்டிக்காரரே உணவு ஆய்வாளராகவும் இருந்தால் சமையலறைகளில் எவ்வளவு நிம்மதி நிலவும்!

நல்ல கன்று ஈனும் பசுவைப் போலச் சந்தையும் ஈன்றுகொண்டே இருக்கிறது. 2012இல் நியூயார்க்கில் ஒன்று. 2019இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சினிமா ஸ்டுடியோவுக்குள் ஒன்று. 2022இல் சோலில் ஒன்று. அதே 2012இல் ரீஜண்ட்ஸ் பூங்காவின் மறுகோடியில் பழைய கலைக்கென்று ஃப்ரீஸ் மாஸ்டர்ஸ் என்ற இரண்டாம் பந்தல். செத்துப்போன ஓவியர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள், அவர்களையும் கல்லறையில் சும்மா இருக்க விடக்கூடாது என்ற கருணை. இரண்டு பந்தலுக்கும் நடுவே பூங்கா இருக்கிறது. மரமும் குளமும் வாத்தும் தாண்டி நடக்க வேண்டிவரும். அந்தத் துன்பம் அழைப்பாளர்களுக்கு நேராதபடி சொகுசுக் கார்கள் நிற்கின்றன. பூங்காவில் நடத்தப்படும் விழாவில் பூங்காவைத் தொடாமலே இருந்துவிட்டு வரலாம்.

தரிசன முறையைச் சொல்லாமல் விட்டால் இந்த மாண்பின் பாதி விளங்காது. நம் கோயில்களில் தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டே தரம் வைத்துக்கொண்டு அதற்கே குறுகிப்போகிறோம். இங்கே முதல் நாள் பொதுமக்களுக்குக் கிடையாது. அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே கதவு. அந்த அழைப்பாளர்களும் ஒரே மணிக்கு உள்ளே விடப்படுவதில்லை. முதல் மணிக்கு வருபவர் ஒரு குலம், சில மணி நேரம் கழித்து வருபவர் வேறு குலம், மாலையில் வருபவர் இன்னொன்று. கையில் இருக்கும் அட்டையில் அச்சிட்ட நேரத்தைப் பார்த்தே அவருடைய ஆஸ்தியையும் அவர்மேல் உலகம் வைத்திருக்கும் மரியாதையையும் கணித்துவிடலாம். மனிதனுக்கு மனிதன் என்ன வித்தியாசம் என்று மணிக்கணக்கில் பேசிய ஞானிகள் பலர் உண்டு. மணிக்கணக்கையே வித்தியாசமாக்கிய பெருமை இவர்களுடையது. பிறகு வரும் நாள்களில் சாமானியரும் வரலாம், கட்டணச் சீட்டு உண்டு. ஏற்கெனவே விற்றுப்போன பொருள்களைக் காசு கொடுத்துப் பார்க்கும் பாக்கியம் அவர்களுக்கு.

ஏற்கெனவே என்றேன். முதல் மணிக்கு ஓடி வருகிறவர்கூடப் பல சமயம் பிந்தியவர்தான். சந்தைக்குப் பல நாள் முன்பே கலைக்கூடங்கள் தங்கள் சரக்கின் படங்களைப் பிடிஎஃப் கோப்பாகத் தேர்ந்த சிலரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகின்றன. ஓவியத்தின் முன்னால் நின்று, விலகி, திரும்ப வந்து, அது ஏதாவது சொல்கிறதா என்று காத்திருக்கும் கூச்சமெல்லாம் பழங்கதை. விமானத்தில் பெல்ட் போடுவதற்குள் கட்டை விரலால் இரண்டு தள்ளு, முடிந்தது. இரண்டாள் உயர ஓவியத்தை உள்ளங்கையளவு கண்ணாடியில் பார்த்தே அதன் உள்ளத்தை அறிந்துகொள்ளும் நுண்ணிய ரசனை மானுடத்துக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை. பந்தல் திறந்த சில மணி நேரத்தில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று அன்று மாலை செய்தி வரும். உண்மைதானே.

ஒரு கடையை அருகில் போய்ப் பாருங்கள். மூன்று பக்கமும் சுவர். பெரிதாக ஒன்று, சிறிதாக இரண்டு, தரையில் ஏதோ ஒன்று. ஓரத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு மடிக்கணினி. அதன் வெளிச்சம் முகத்தில் விழ ஒரு இளம்பெண் கறுப்பு உடையில் அமர்ந்திருப்பார். நீங்கள் உள்ளே வந்ததை அவர் அறிவார். அறிந்தும் நிமிராமல் இருப்பதற்குத்தான் பயிற்சி. உங்கள் காலணியைப் பார்த்தாகிவிட்டது. சுவரில் ஓவியரின் பெயர் இருக்கும், படைப்பின் பெயர் இருக்கும், ஆண்டும் இருக்கும், விலை இருக்காது. விலையை எழுதி ஒட்டுவது காய்கறிக் கடையின் கொச்சைத்தனம். நீங்கள் துணிந்து கேட்டால் அவர் புன்னகைப்பார். அந்தப் புன்னகையில், கேட்க வேண்டியிருப்பவர் வாங்கக் கூடியவர் அல்லர் என்ற பேருண்மை பொதிந்திருக்கும். இதே பூங்காவின் வடகோடியில் 1828இல் திறந்த விலங்குக் காட்சிசாலை ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் அந்தப் பிராணி எந்த நாட்டது, என்ன தின்னும் என்று குழந்தைக்கும் புரிய எழுதி வைத்திருக்கிறார்கள். பந்தலுக்குள் அந்தக் கொடுமை இல்லை. ‘இன்மையின் விளிம்புகளை இப்படைப்பு விசாரணைக்கு உட்படுத்துகிறது’ என்ற தோரணையில் ஒரு தாள் கிடைக்கும். படித்து முடித்ததும் பார்த்தது என்னவென்பதே மறந்து உள்ளம் தெளிந்துவிடும்.

வாங்க வந்தவருக்கும் அங்கே எளிதாக விற்றுவிட மாட்டார்கள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிற கோடீஸ்வரரிடம், நீங்கள் யார், உங்கள் வீட்டில் வேறு யாருடைய படங்கள் இருக்கின்றன, நாளைக்கே ஏலத்துக்கு அனுப்பிவிட மாட்டீர்களே என்று விசாரித்து, காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். பெயர் பெற்ற ஓவியரென்றால், ஒன்றை வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் இன்னொன்றை உங்களுக்கே தருகிறோம் என்ற பேச்சும் உண்டு. பெண் கொடுப்பதுபோல் கொடுக்கிறார்கள். எந்தத் தாய் தகப்பனும் மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கை இத்தனை பாசத்தோடு ஆராய்ந்ததில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிப்பிரகாரம். கருவறைக்கு இப்போதுதான் வருகிறேன். இந்தச் சந்தையின் தலையாய குணம் அதன் செரிமானம்.

வாதாபியின் கதையை நாம் அறிவோம். ஆட்டுக் கறியாகி விருந்தாளியின் வயிற்றுக்குள் போவான். அண்ணன் கூப்பிட்டதும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவான். எத்தனையோ முனிவர்கள் அப்படி மாண்டார்கள். அகத்தியர் ஒருவர்தான் வயிற்றைத் தடவி, ‘வாதாபி, செரித்துப் போ’ என்றார். பிறகு அண்ணன் எவ்வளவு கூவியும் ஒன்றும் வரவில்லை. கலையைச் சந்தைப் பொருளாக்குவதைக் கண்டு கொதித்த கலைஞர்கள் வாதாபி வழியையே நம்பினார்கள். உள்ளே போவோம், உள்ளிருந்து கிழிப்போம் என்றார்கள். ஃப்ரீஸ் அவர்களை அன்போடு வரவேற்று, இலை போட்டு, உண்டு, வயிற்றைத் தடவிக்கொண்டது.

ரோமன் ஒண்டாக் என்ற ஸ்லோவாக்கியக் கலைஞரின் வரிசையை எடுத்துக்கொள்வோம். அவர் வளர்ந்தது பழைய செக்கோஸ்லோவாக்கியாவில். கடைவாசலில் எதற்கென்று தெரியாமலே வரிசை நிற்கும். நின்றால் ஏதாவது கிடைக்கும் என்று ஜனங்கள் வந்து பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். அந்த நினைவிலிருந்து 2003இல் அவர் ஒரு படைப்பைச் செய்தார். படம் இல்லை, சிலை இல்லை. சிலரை அமர்த்தி, காரணமே இல்லாத ஓரிடத்தில் வரிசையாக நிற்க வைப்பது, அவ்வளவுதான். நல்ல காலங்களில் நல்ல உணர்வுகள் என்று அதற்குப் பெயர். 2004இல் அந்த வரிசை ஃப்ரீஸ் சந்தையில் நின்றது. ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் தெரியும். எதுவும் இல்லாதவர்களின் காத்திருப்பை, எல்லாம் இருப்பவர்களின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார் அவர். சந்தை முகம் சுளித்ததா? இல்லவே இல்லை. சந்தையில் வாங்கி டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவென்றே ஒரு நிதி வைத்திருந்தார்கள். அந்த நிதியிலிருந்தே வரிசை வாங்கப்பட்டு, 2005இல் டேட்டின் சேகரிப்பில் சேர்ந்தது. ஏழை நாட்டு ரொட்டி வரிசைக்கு உரிமைப் பத்திரம் எழுதி வாங்கிய பெருமை உலகில் வேறு எந்தச் சந்தைக்கு உண்டு? செரித்துப் போ, வாதாபி.

2007இல் ஜேக், டினோஸ் சாப்மன் சகோதரர்கள் கடையில் உட்கார்ந்து, பார்வையாளர்கள் நீட்டிய பவுண்டு நோட்டுகளில் ராணியின் முகத்தின் மேலேயே கிறுக்கிக் கொடுத்தார்கள். பணத்தைக் கெடுக்கிறோம் என்பது அவர்கள் துணிபு. ரூபாய் நோட்டில் பேனா பட்டால் கடைக்காரர் வாங்க மறுக்கும் ஊர்களில் அது துணிச்சல்தான். ஆனால் பந்தலுக்குள் பணம் கெடாது. கிறுக்கிய நோட்டு கிறுக்காத நோட்டைவிட மதிப்புக் கூடியது. நாணயத்தின் முகத்தில் கரி பூசினால் நாணயமே வட்டி போடும் அற்புத பூமி அது. நோட்டை நீட்டிக்கொண்டு கூட்டம் முண்டியடித்தது.

இன்னும் நாலு ஆண்டு போகட்டும். 2011இல் கிறிஸ்டியன் யான்கோவ்ஸ்கி என்ற ஜெர்மானியக் கலைஞர் ஓர் உல்லாசக் கப்பலை விற்பனைக்கு வைத்தார். 65 மீட்டர் நீளம். கப்பலாக வாங்கினால் 6.5 கோடி யூரோ. அதே கப்பலைக் கலைப்படைப்பாக வாங்கினால் 7.5 கோடி யூரோ. ஒரே கப்பல், ஒரே எந்திரம், ஒரே படுக்கையறை. ஒரு கோடி யூரோ வித்தியாசம் எதற்கென்றால், இது கலை என்று கலைஞர் தரும் ஒரு சான்றுக்கு. சந்தையின் மொத்த இரகசியத்தையும் ஒரே கழித்தல் கணக்கில் எழுதிக் காட்டிவிட்டார் மனிதர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் கணக்கு. சாதாரணச் சந்தையாக இருந்தால் குட்டு வெளிப்பட்டது என்று கூனிக் குறுகியிருக்கும். அந்தக் கலைஞரைத் தன் சிறப்புத் திட்டத்துக்கென அழைத்ததே ஃப்ரீஸ்தான். உனக்கு ஒரு கேலி தோன்றினால் எங்களிடம் சொல், இடமும் விளக்கும் விளம்பரமும் நாங்கள் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் கேட்பது எவ்வளவு பெரிய மனது! தன் முகத்தில் துப்ப வருபவனுக்கு எச்சில் ஊற ஏலக்காய் கொடுக்கும் பண்பு அது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2010இல், சைமன் ஃபுஜிவாரா பந்தலின் தரையைத் தோண்டி, கண்ணாடி போட்டு மூடி, அடியில் புதையுண்ட நகரம் ஒன்றின் இடிபாடுகளைக் காட்டினார். நிஜ நகரமல்ல, அவருடைய கற்பனை. கலை வணிகத்தில் கொழித்து அழிந்த நகரம் அது. மேலே காலணிகள் நடமாட, கீழே அதே தொழில் செய்து மண்ணாய்ப் போனவர்களின் அடுப்பும் எலும்பும் கிடந்தன. இதைச் செய்ய அவருக்கு ஒரு நகைக் கம்பெனியின் பெயரால் விருது கொடுத்து அமர்த்தியிருந்தார்கள். எதிரே நிற்பவருக்கு மரணத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று எண்ணிய இளைஞர் பாவம். வந்தவர்கள் குனிந்து பார்த்து, படம் எடுத்து, எழுந்து ஷாம்பெய்ன் கடைப்பக்கம் போனார்கள்.

ஆண்டுக்கு ஆண்டு ஓர் இளைஞராவது கொதித்துக்கொண்டே உள்ளே போகிறார். வியர்வை சிந்தும் தொழிலாளியைப் பற்றி, கடலில் மூழ்கும் அகதியைப் பற்றி, எரியும் காட்டைப் பற்றி, தன் நெஞ்சிலிருந்து பிடுங்கி எடுத்து வைக்கிறார். அதைக் கேட்க வேண்டியவர்களெல்லாம் அங்கேயே, அதே பந்தலில், இரண்டடி தூரத்தில் நிற்கிறார்கள். அவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிறார்கள். மிகவும் வலுவான படைப்பு என்கிறார்கள். சோபாவுக்கு மேலே பொருந்துமா என்று அளவு கேட்கிறார்கள். கோபத்தை வாங்கிக் கூடத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கோபத்தின் மேல் மதிப்பு வைத்த வர்க்கம் முன்னெப்போதும் இருந்ததில்லை. மன்னர்கள் புலவரைச் சிறையில் அடைத்ததுண்டு, நாடு கடத்தியதுண்டு. இந்த நயத்தக்க நாகரிகம் அவர்களுக்குத் தெரியவில்லை.

படைத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள். கலைக்கூடத்துக்குப் பாதி, கலைஞருக்குப் பாதி என்பது வழக்கம். அந்தப் பாதியிலிருந்துதான் வண்ணம், வாடகை, சாப்பாடு. பிறகு அந்தப் படம் கைமாறிக் கைமாறிப் பெருவிலைக்குப் போகும்போது அவர் மனம் ஏங்கக்கூடாதே என்று பிரிட்டனில் 2006இல் மறுவிற்பனை உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு நாலு என்று தொடங்கி, விலை ஏற ஏற விழுக்காடு இறங்கும். எத்தனை கோடிக்கு விற்றாலும் ஒரு விற்பனைக்கு 12,500 யூரோவுக்கு மேல் கலைஞருக்குக் கிடையாது என்று அந்தச் சட்டம் வரம்பு கட்டியது. திடீர்ப் பணம் கலைஞனைக் கெடுத்துவிடும் என்பதை அறிந்தவர்களின் அக்கறை. வாங்கி விற்பவரைப் பணம் கெடுக்காது. அவருக்குப் பழக்கம் உண்டு.

விற்ற படைப்பு எங்கே போகிறது? இதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது. பல படைப்புகள் யார் வீட்டுச் சுவருக்கும் போவதில்லை. பந்தலில் பெட்டியில் ஏறினால் ஜெனீவா போன்ற ஊர்களின் சுங்கமில்லாக் கிடங்குகளில் இறங்குகின்றன. தட்பவெப்பம் அளந்து வைத்த இருட்டறை. அங்கே இருக்கும்வரை வரி இல்லை, தூசி இல்லை, பார்க்கிற கண்ணும் இல்லை. பெட்டியைத் திறக்காமலே உரிமையாளர் மாறலாம். பெட்டி அசையக்கூட வேண்டாம். காண்பதற்கென்று பிறந்த பொருளைக் காட்சி என்னும் பந்தத்திலிருந்தே விடுவித்து, விலையாக மட்டும் உயிர்த்திருக்கச் செய்வதை முக்தி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பிரிட்டிஷ் அரசாங்கமும் நெடுங்காலம் இந்த ஆன்மிகத்தில் குறுக்கிடாமல் இருந்தது. 2020 ஜனவரியில்தான், 10,000 யூரோவுக்கு மேற்பட்ட கலை வியாபாரத்தில் வாங்குபவர் யாரென்று விசாரித்து வைக்க வேண்டும் என்று, கள்ளப்பணத் தடுப்பு விதிகளைக் கலை வணிகர்களுக்கும் நீட்டியது. கந்துவட்டிக் கணக்கைக் கேட்பதுபோல் ரசிகர்களிடம் ஆதாரம் கேட்கும் நிலை வந்துவிட்டதே என்று நான் வருந்தினேன். வியாபாரம் நிற்கவில்லை என்று தெரிந்தபின் மனம் ஆறியது.

புரவலர்களின் பெருமையைப் பாடப் புகுந்தால் தாள் போதாது. 2004 முதல் ஜெர்மனியின் டாய்ச்ச வங்கி முதன்மைப் புரவலராய் நின்று வருகிறது. 2016இல் அமெரிக்காவின் பொழுதுபோக்குப் பெருநிறுவனம் ஒன்று சந்தையில் பங்கு வாங்கியது. அதன் தலைவர் ஆரி இமானுவெல். மல்யுத்தமும் கூண்டுச் சண்டையும் நடத்தும் நிறுவனங்கள் அதன் பிடியில்தான் இருந்தன. 2025இல் அவரே தம் புதிய நிறுவனத்துக்காக ஃப்ரீஸை வாங்கினார், ஏறத்தாழ 20 கோடி டாலருக்கு என்று பத்திரிகைகள் எழுதின. மல்யுத்தத்தில் யார் விழுவார் என்பதை முன்பே பேசி வைத்துக்கொண்டு, விழும்போது கூட்டத்தை மெய்யாகவே ஆர்ப்பரிக்க வைக்கும் வித்தை தேர்ந்த கைகளுக்கு ஓவியம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம்.

இத்தனை சொன்னதால் ஏழை எளியவரை மறந்துவிட்டார்கள் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. பந்தலுக்கு வெளியே, பூங்காவின் ஆங்கிலத் தோட்டத்தில், சிற்பங்களைத் திறந்த வெளியில் வைக்கிறார்கள். சீட்டு வேண்டாம். யாரும் போய்ப் பார்க்கலாம், குழந்தைகள் சுற்றி ஓடலாம். மழையையும் பறவை எச்சத்தையும் தாங்கும் படைப்புகள் மக்களுக்கு; தாங்காதவை மற்றவர்களுக்கு. அந்தச் சிற்பங்களின் நடுவே நிற்கும் ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெயர்ப்பலகையைக் குனிந்து படித்து, தமக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று வாய்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். விலை தெரியாத குறையினால் வரும் பேச்சு அது. அதில் ஒரு கிழவி ஒரு சிற்பத்தின் முன் கால்மணி நேரம் நிற்கக்கூடும். பந்தலுக்குள் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றால் வழியை மறிக்கிறீர்கள் என்பார்கள்.

ஐந்தாம் நாள் மாலை விளக்கு அணைகிறது. ஏணிகள் வருகின்றன, கையுறை போட்டவர்கள் வருகிறார்கள். யாருடைய பெயரும் எந்த அட்டையிலும் இல்லாத அந்த ஆள்கள்தான் மாட்டினார்கள், அவர்களேதான் கழற்றுகிறார்கள். குமிழிப் பொதியில் சுற்றி, மரப்பெட்டியில் இறக்கி, நான்கு மூலையிலும் திருகாணி போடுகிறார்கள். அடுத்த நாள்களில் சுவர் போகிறது, கூரை போகிறது, கடைசியாகத் தரை. லாரிகள் வெளிவட்டச் சாலையைச் சுற்றிக்கொண்டு மறைந்த பிறகு, தள்ளுவண்டிக்காரத் தாயும் ரொட்டிக் கிழவரும் பந்துப் பையன்களும் மெல்லத் திரும்பி வருகிறார்கள். பந்தல் நின்ற இடத்தில், வாரக்கணக்கில் வெயிலும் மழையும் காணாமல் வெளுத்துப்போன புல், ஒரு பெரிய செவ்வகமாகப் படிந்து கிடக்கிறது. கையொப்பம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, யாரும் பெட்டியில் கட்டி எடுத்துப் போகவில்லை. சீட்டு இல்லாமல் காலை முதல் இருட்டும்வரை பார்க்கலாம்.